குடும்ப வேதாகமமும் குலமுறை வரலாறும்

ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனிலே, அந்நாட்டுத் தேசிய சுவடிக்கூடத்துக்கு உரிய பழைய மனுக்களின் தொகுதி ஒன்று உண்டு. 1775ஆம் ஆண்டு தொடங்கி 1783ஆம் ஆண்டு முடிவுற்ற சுதந்திரப் போரிலே படைவீரராய்ப் பணி புரிந்தோரும், அவர்தம் கைம்பெண்களும், உபகாரச் சம்பளமும் காணியும் வேண்டி அரசாங்கத்துக்கு அனுப்பிய மனுக்கள் அவை. ஏறக்குறைய 80,000 கோப்புகள் கொண்ட அத்தொகுதியைப் புரட்டிப் பார்ப்போர் ஆங்காங்கே ஒரு புதுமையைக் காண்பர். மனுவுக்கும் சத்தியக் கடதாசிக்கும் இடையே, ஒரு புத்தகத்திலிருந்து கிழித்தோ கத்தரித்தோ எடுக்கப்பட்ட ஏடு ஒன்று மடிந்து கிடக்கும். அதன் ஒரு புறத்திலோ இரு புறத்திலுமோ, பழுப்பேறிய மையினால், பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த திகதிகளும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஏடு எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது? பெரும்பாலும் அக்குடும்பத்தார் நாடோறும் கையிலெடுத்து ஓதிய வேதாகமத்திலிருந்தே வந்தது.

வேதாகமத்தைக் கண்ணெனப் போற்றிய மக்கள், தம் கையாலேயே அதன் ஏட்டைக் கிழித்து அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பியது ஏன்? அந்த ஏடு இன்று குலமுறை ஆராய்வோருக்குப் பெருநிதியமாய் விளங்குவது எவ்வாறு? அதில் எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பிறப்பையும் இறப்பையும் பதிவாளரிடம் அறிவித்து அத்தாட்சிப் பத்திரம் பெறும் வழக்கம் நெடுங்காலத்து வழக்கமன்று. இங்கிலாந்திலே 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சராகிய தோமஸ் குரொம்வெல் என்பார், ஒவ்வொரு கோயிற்பற்றும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டிற் பதிய வேண்டுமென ஆணை பிறப்பித்தார். ஆயினும், அவ்வேடுகள் சமயச் சடங்கின் திகதியைக் கூறினவேயன்றிப் பிறந்த நாளையும் இறந்த நாளையும் எப்போதும் கூறவில்லை. அரசாங்கச் சபையைச் சேராத பப்திஸ்தர் முதலியோரின் பிள்ளைகள் பலர் அவற்றில் இடம்பெறவுமில்லை. அரசாங்கப் பதிவு இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆந் திகதியும், ஸ்கொத்லாந்திலே 1855ஆம் ஆண்டிலும், அயர்லாந்திலே எல்லார்க்கும் பொதுவாக 1864ஆம் ஆண்டிலுமே தொடங்கிற்று. அமெரிக்காவில் நிலைமை இன்னும் பிற்பட்டதாய் இருந்தது. வேர்ஜீனியா மாநிலம் 1853இல் பிறப்புப் பதிவைத் தொடங்கி, 1896இல் அதனைக் கைவிட்டு, மீண்டும் 1912இலேதான் மேற்கொண்டது. அக்காலத்து மாநிலங்கள் யாவும் ஒரே பிறப்புப் பதிவு முறையினுள் வந்து சேர்ந்தது 1933ஆம் ஆண்டிலாகும்.

இத்தகைய காலத்திலே, நிலமுடைய குடியானவனாயினும் கடலோடியாயினும், தன் மகவு பிறந்த நாளை எங்கே குறித்து வைப்பான்? கடதாசி அருமையாய் இருந்த காலம் அது. பல வீடுகளிலே இருந்த ஒரே புத்தகம் வேதாகமம். அது தடித்த அட்டையுடையது, எளிதில் தொலையாதது, எவரும் எறிந்துவிடத் துணியாதது, தந்தைக்குப் பின் மைந்தனுக்குச் சென்று சேர்வது. ஆகவே அதன் முகப்பிலிருந்த வெற்றுத் தாளிலோ, பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு இடையிலுள்ள தாளிலோ, குடும்பச் செய்திகளை எழுதி வைத்தனர். இவ்வழக்கத்தைக் கண்ட அச்சகத்தார், பிறப்பு, விவாகம், இறப்பு என்னும் தலைப்புகளை அழகுற அச்சிட்டு, கோடிட்ட தனித் தாள்களையே புத்தகத்தினுள் சேர்த்துக் கட்டலாயினர். 19ஆம் நூற்றாண்டிலே, சித்திரங்கள் நிறைந்த பெரிய வேதாகமங்களை முகவர்கள் வீடுவீடாகக் கொண்டு சென்று விற்றபோது, இந்தக் குடும்பப் பதிவுத் தாள்களும் புத்தகத்தின் சிறப்புகளுள் ஒன்றாய் விளங்கின.

இனி, கிழிக்கப்பட்ட ஏடுகளின் கதைக்கு வருவோம். போர் முடிந்து அரை நூற்றாண்டு சென்றபின், 1832ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு சட்டம் இயற்றிற்று. ஆறு மாதங்களாவது போர்ப்பணி செய்தோர், வறியராயினும் அல்லராயினும், உபகாரச் சம்பளம் பெறலாமென்றது அச்சட்டம். 1836ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்களுக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. கணவனுடைய போர்ப்பணி முடிவதற்கு முன்னரே விவாகம் நடந்திருத்தல் வேண்டும். 1838ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சற்றுத் தளர்த்தி, 1794ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் விவாகம் நடந்திருந்தாற் போதுமென்றது. 1848இல் அவ்வெல்லை 1800ஆம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையையே நீக்கிவிட்டது.

இந்நிபந்தனை எத்தகைய இடுக்கணை விளைத்திருக்குமென்பதைச் சிந்தித்தல் வேண்டும். எழுபது எண்பது வயதடைந்த ஒரு மூதாட்டி, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த தன் விவாகத்தின் திகதியை நிறுவ வேண்டும். விவாகம் செய்துவைத்த போதகர் மாண்டிருப்பார். சாட்சிகளாய் நின்றோரும் மறைந்திருப்பர். ஊர்ப் பதிவேடு இல்லாதிருக்கலாம். இருந்தும் எரிந்து போயிருக்கலாம். விவாகப் பதிவு கிடைக்காவிடின், முதற் பிள்ளை பிறந்த திகதியையாவது காட்டினால் விவாகம் அதற்கு முற்பட்டதென்று வாதிக்கலாம். அதற்குச் சான்றாய் வீட்டில் எஞ்சியிருந்தது வேதாகமத்து ஏடு ஒன்றே. ஆகவே, அண்டை வீட்டார் ஒருவரோ சமாதான நீதவானோ பார்த்திருக்க, அந்த ஏடு புத்தகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இது இன்னார் வீட்டு வேதாகமத்திலிருந்து எடுக்கப்பட்டது, எழுதிய கை இன்னாருடைய கை என்று சத்தியம் செய்து, மனுவுடன் இணைத்து அனுப்பினர். சென்ற ஏடுகளுட் பல வீடு திரும்பவில்லை.

அன்று அது ஒரு பேரிழப்பாகவே தோன்றியிருக்கும். உபகாரச் சம்பளத்துக்காகக் குடும்பத்தின் நினைவையே கொடுத்துவிட்டோமே என்று அம்மூதாட்டி வருந்தியிருக்கவுங் கூடும். ஆனால் காலம் செய்த விந்தை வேறு. கிழிக்கப்படாது வீட்டிலே தங்கிய வேதாகமங்களுள் எத்தனையோ நெருப்புக்கும் நீருக்கும் இரையாயின. சில பிள்ளைகளிடையே பாகப்பிரிவினையின்போது சிதறின. சில பழம்பொருட் கடைகளிலே, எழுதியோரின் பெயரை அறியாத அன்னியர் கைக்குப் போயின. கிழித்து அனுப்பப்பட்ட ஏடுகளோ அரசாங்கத்தின் காவலிலே இன்றும் இருக்கின்றன. அக்கோப்புகள் 2,670 நுண்படச் சுருள்களிலே படமாக்கப்பட்டு, உலகின் எப்பாகத்தில் இருப்போரும் காணத்தக்கனவாய் உள்ளன. ஏட்டை இழந்த குடும்பமே அதைக் காத்துக்கொண்ட குடும்பமாயிற்று.

இவ்வளவு அருமையான சான்றாயினும், குடும்ப வேதாகமத்தில் எழுதப்பட்ட ஒவ்வொன்றும் உண்மையென்று கொள்ளுதல் தகாது. ஆராய்ச்சியாளர் அதனைச் சில வினாக்களால் சோதிக்கின்றனர்.

முதலாவது வினா, புத்தகம் எப்போது அச்சிடப்பட்டது என்பதாகும். முகப்புத் தாளிலே அச்சிட்ட ஆண்டு காணப்படும். அது கிழிந்து போயிருப்பின், புதிய ஏற்பாட்டுக்கெனத் தனி முகப்புத் தாள் உண்டாவென்று பார்த்தல் வேண்டும். ஓர் உதாரணம் கூறலாம். பேர்சிவல் பாதிரியாரும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் உழைத்த தமிழ் வேதாகமம் 1850ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வேதாகமத்தின் பிரதியொன்றிலே, 1812இல் ஒருவர் பிறந்தாரென்ற குறிப்பு இருக்குமானால், அக்குறிப்பு பிறந்த அன்று எழுதப்பட்டதாக இருக்க முடியாது. அது நினைவிலிருந்து எழுதப்பட்டதாகவோ வேறோர் ஏட்டிலிருந்து பெயர்க்கப்பட்டதாகவோதான் இருத்தல் வேண்டும். அதனால் அது பொய்யென்று ஆகிவிடாது. ஆயினும் அதன் நிறை குறைந்துவிடும்.

இரண்டாவது வினா, எழுதிய கை ஒன்றா, பலவா என்பது. முப்பது ஆண்டுக் காலத்திற் பிறந்த பத்துப் பிள்ளைகளின் பெயர்களும் ஒரே எழுத்தில், ஒரே மையில், ஒரே சாய்வில் காணப்படின், அவை யாவும் ஒரே அமர்விலே எழுதப்பட்டன என்று ஊகித்தல் தவறாகாது. அதற்கு மாறாக, மையின் நிறம் மாறி மாறி, தந்தையின் கை தளர்ந்து, பின்னர் மகனுடைய கை தொடங்குவதைக் காண்போமாயின், நிகழ்ச்சிகள் நடக்க நடக்கவே அவை எழுதப்பட்டன என்று துணியலாம். அத்தகைய ஏடே நம்பிக்கைக்குப் பெரிதும் உரியது.

மூன்றாவது வினா, எதை மறைத்தார்கள் என்பது. மனிதர் தம் குடும்பத்துக்கு இழுக்கு நேராவண்ணம் எழுதுவது இயல்பு. விவாகத் திகதிக்கும் முதற் பிள்ளையின் பிறப்புக்கும் இடையிலுள்ள மாதங்களை எண்ணி, நாணத்தினால் ஆண்டின் ஈற்றெண்ணைச் சுரண்டி மாற்றியிருக்கவும் கூடும். சுரண்டப்பட்ட தாளின் அவ்விடம் மெலிந்து, வெளிச்சத்திற்கெதிரே பிடித்தாற் புலப்படும். பிறந்தவுடன் இறந்த குழந்தையின் பெயர் விடப்பட்டிருக்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் இருப்பதைக் கண்டு சிலர் பிழையென எண்ணுவர். மூத்த பிள்ளை இறந்தபின் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு இடும் வழக்கம் அந்நாடுகளிலே இருந்தது. ஆதலின் அங்கே எழுத்துப் பிழை இல்லை. அந்த வீட்டின் துயரம் ஒன்று இருக்கின்றது.

நான்காவது வினா, கணக்கைப் பற்றியது. இதிலே கற்றவரும் இடறுவதுண்டு. அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவராகிய ஜோர்ஜ் வாஷிங்டனுடைய குடும்ப வேதாகமம், அவர் வாழ்ந்த மவுண்ட் வேர்ணன் மாளிகையிலே பேணப்படுகின்றது. அதில் அவருடைய பிறந்த நாள் பெப்ரவரி 11 என்றும், ஆண்டு 1731 சாய்கோடு 2 என்றும் குறிக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் உலகம் அவர் பிறந்த நாளாகக் கொண்டாடுவதோ 1732ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதியை. வேதாகமத்தில் எழுதியவர் பிழைத்தாரா? இல்லை. அக்காலத்திலே ஆங்கிலேயர் ஜூலியன் பஞ்சாங்கத்தை ஆண்டுவந்தனர். சட்டப்படி அவர்களுடைய ஆண்டு மார்ச் 25இலே பிறந்தது. ஆதலால் பெப்ரவரி மாதம் பழைய கணக்கில் 1731ஐயும், புதிய கணக்கில் 1732ஐயும் சேர்ந்தது. இரண்டையும் காட்டவே சாய்கோடிட்டு எழுதினர். பின்னர் 1752ஆம் ஆண்டிலே பிரித்தானியாவும் அதன் குடியேற்ற நாடுகளும் கிறகோரியன் பஞ்சாங்கத்துக்கு மாறின. அவ்வாண்டு செப்டெம்பர் 2ஆந் திகதிக்கு அடுத்த நாள் 14ஆந் திகதி எனக் கொள்ளப்பட்டது. இடையே பதினொரு நாட்கள் எண்ணப்படவில்லை. பதினொன்றோடு பதினொன்று கூட்ட இருபத்திரண்டாயிற்று.

தமிழர்க்கு இது விளங்காத செய்தியன்று. சித்திரையிலே ஆண்டு பிறக்கக் கொள்ளும் தமிழர், மாசி மாதத்திற் பிறந்த மகவை முந்திய சித்திரையில் தொடங்கிய ஆண்டின் பெயராலேயே குறிப்பர். அன்றியும், ஏட்டிலெழுதிய பழைய சாதகத்திலே பிரபவ ஆண்டு என்று மட்டும் கண்டால், அது 1867இலே தொடங்கியதா, 1927இலே தொடங்கியதா என்பதை வேறு சான்று கொண்டே தெளிதல் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அப்பெயர் மீண்டும் வருமன்றோ? சாதக ஏட்டுக்கும் வேதாகம ஏட்டுக்கும் பொருந்தும் பாடம் ஒன்றே. எழுதியவர் ஆண்ட கணக்கை அறியாது அவர் எழுதிய எண்ணைப் படித்தல் கூடாது.

இதே காரணத்தாற் பிறந்த வேறு மயக்கங்களும் உண்டு. மார்ச்சை முதல் மாதமாகக் கொண்டபடியால், செப்டெம்பர் ஏழாம் மாதமாயிற்று. ஆகவே செப்டெம்பரை 7 என்னும் எண்ணாலும், ஒக்டோபரை 8 என்னும் எண்ணாலும் சுருக்கி எழுதினர். குவேக்கர் என்னும் சபையார் மாதங்களின் பெயர்களையே சொல்லாது, முதல் மாதம், இரண்டாம் மாதம் என்றே எழுதுவர். 1752க்கு முன் அவர்கள் முதல் மாதம் என்றது மார்ச்சை. அதன் பின் ஜனவரியை. உறவுச் சொற்களும் அவ்வாறே மாறியிருக்கின்றன. இன்று மாமியாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அன்று சிற்றன்னையையும் குறித்தது. இன்று மைத்துனரைக் குறிக்கும் சொல் அன்று தமக்கை பிள்ளையையும் தமையன் பிள்ளையையும் குறித்தது. இதனை அறியாதார் ஒரு சொல்லினாலே ஒரு தலைமுறையைப் பிறழ வைத்துவிடுவர்.

குடும்ப வேதாகமங்களுள் மனத்தை மிகவும் கலக்கும் பக்கங்கள் சில உள்ளன. அமெரிக்காவின் தென்பகுதியிலே அடிமைகளை வைத்திருந்த குடும்பங்கள் சில, தம் பிள்ளைகளின் பெயர்களை எழுதிய அதே வேதாகமத்தில், வேறொரு தாளிலே, தம்மிடமிருந்த அடிமைகளின் பிள்ளைகள் பிறந்த திகதிகளையும் எழுதி வைத்தன. அங்கே குடும்பப் பெயர் இராது. பெரும்பாலும் தந்தையின் பெயரும் இராது. பிள்ளையின் பெயரும் தாயின் பெயரும் மட்டுமே இருக்கும். 1662ஆம் ஆண்டு வேர்ஜீனியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பிள்ளை அடிமையா அன்றா என்பது தாயின் நிலையைப் பொறுத்ததென்று விதித்திருந்தது. ஆகவே தாயின் பெயரை எழுதியது அன்பினால் அன்று, உடைமைக் கணக்கினால்.

ஆயினும் அந்தக் கணக்கே இன்று கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்தற்கரிய திறவுகோலாய் அமைந்துவிட்டது. 1850ஆம் ஆண்டிலும் 1860ஆம் ஆண்டிலும் எடுக்கப்பட்ட குடிசனமதிப்பிலே, அடிமைகள் பொதுவாகப் பெயரின்றி, உடைமையாளரின் பெயரின் கீழ், வயது, பால், நிறம் என்பவற்றால் மட்டுமே காட்டப்பட்டனர். விடுதலை பெற்றபின் 1870ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசனமதிப்பே அவர்களுட் பெரும்பாலாரை முதன்முதலாகப் பெயர் சொல்லி எழுதிற்று. அதற்கு அப்பாற் செல்ல விரும்புவோருக்கு வழி அடைபட்டு நிற்கின்றது. பாட்டனின் பாட்டி யாரென்று தேடும் ஒருவருக்கு, அவளை அடிமைப்படுத்தியவனுடைய வேதாகமத்திலே அவள் பெயரும் பிறந்த நாளும் கிடைக்குமாயின், அவர் அந்தப் பக்கத்தை எத்தகைய நெஞ்சோடு படிப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அப்புத்தகத்தைத் தம் வீட்டுப் பெட்டியிலே வைத்திருப்போர், வெட்கத்தினால் அப்பக்கத்தை மறைத்துவிடுவாராயின், வேறொரு குடும்பத்தின் வேரையே மறைத்தவராவர். வேர்ஜீனியா மாநில நூல் நிலையம் பல்லாயிரம் வேதாகமப் பதிவுகளைத் திரட்டி வெளியார்க்குத் திறந்து வைத்திருப்பதன் பயன் இத்தகைய இடங்களிலேதான் விளங்கும்.

பொதுப் பதிவேடுகள் அழியுங் காலத்திலே வீட்டுப் பதிவின் பெருமை இன்னும் துலங்கும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, வேர்ஜீனியாவின் மாவட்ட நீதிமன்றங்கள் சிலவற்றின் ஏடுகள் எரிந்தழிந்தன. 1922ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியிலே, அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் நிகழ்ந்த சண்டையில், பொதுச் சுவடி நிலையம் தீக்கிரையாயிற்று. நூற்றாண்டுக் கணக்கான ஆவணங்களும், அயர்லாந்துச் சபைக் கோயிற்பற்றுப் பதிவேடுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டனவும், 1821 முதல் 1851 வரையிலான குடிசனமதிப்பு ஏடுகளிற் பெரும்பாலனவும் சில மணி நேரத்திற் சாம்பராயின. அத்தகைய இடங்களிலே, ஒரு கிராமத்துப் பெட்டியில் உறங்கிய வேதாகமம், அரசாங்கத்தின் பெருங்கட்டடம் காக்க மாட்டாததைக் காத்து நின்றது.

நீதிமன்றங்களும் இச்சான்றின் பெறுமதியை உணர்ந்திருக்கின்றன. இறந்தவர் கூறியதாகப் பிறர் வந்து கூறுவதைப் பொதுவாகச் சட்டம் ஏற்பதில்லை. ஆயினும் குடும்ப உறவு பற்றிய செய்திக்கு விலக்கு உண்டு. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களுக்கென 1975ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சான்று விதிகள், குடும்ப வேதாகமத்தைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. மோதிரத்திற் பொறித்த எழுத்தையும் கல்லறை எழுத்தையும் அதனோடு சேர்த்து எண்ணுகின்றன. 1935ஆம் ஆண்டு அந்நாட்டிலே சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபின், முதியோர் தம் வயதை நிறுவ வேண்டியவராயினர். பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாதோர் காட்டத்தக்க சான்றுகளுள் குடும்ப வேதாகமமும் ஒன்றாய் ஏற்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் போர்வீரனின் கைம்பெண்ணுக்குச் சோறு அளித்த ஏடு, வயது முதிர்ந்த தொழிலாளிக்கும் சோறு அளித்தது.

இலங்கையிலும் இதே நீதி வேறு வடிவிலே விளங்குகின்றது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 32ஆம் பிரிவிலே, குலமுறைப் பட்டியலிலும் கல்லறையிலும் குடும்ப ஓவியத்திலும், அவை போன்று வழக்கமாக எழுதப்படும் பிறவற்றிலும் உள்ள உறவுச் செய்தியைச் சான்றாக ஏற்க இடமளிக்கின்றது. ஆனால் அச்செய்தி வழக்கு எழுவதற்கு முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். காணிச் சண்டை மூண்டபின் எழுதிய வமிசாவளிக்கு மதிப்பில்லை. இந்நிபந்தனையைக் குலமுறை ஆராய்வோரும் தமக்கு விதியாகக் கொள்ளுதல் நன்று. பயன் கருதாத காலத்தில் எழுதிய கையே மெய் எழுதும் கை.

இத்தீவிலே ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், ஆட்களையும் காணிகளையும் குறித்த தோம்புகளும், ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் குறித்த பள்ளித் தோம்புகளும் எழுதப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை தேசிய சுவடிகள் திணைக்களத்திலே உள்ளன. ஒல்லாந்தரின் வழித்தோன்றல்களாகிய பறங்கியர் 1908ஆம் ஆண்டிலே தமக்கென ஒரு சங்கம் அமைத்து, அதன் சஞ்சிகையிலே குடும்பம் குடும்பமாகக் குலமுறைகளை வெளியிட்டு வந்தனர். பதிவேடும் கல்லறையும் வீட்டுக் குறிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அப்பட்டியல்களைக் கற்போர் உணரலாம். அங்கேயும் கணக்கை மறவாதிருத்தல் வேண்டும். ஒல்லாந்து மாகாணம் 1580களின் தொடக்கத்திலேயே புதிய பஞ்சாங்கத்தை ஏற்றுவிட்டது. ஆங்கிலேயரோ 1752 வரை பழையதை விடவில்லை. ஆகவே 1740இலே, யாழ்ப்பாணத்துக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தனும் சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயனும் ஒரே நாளில் மகவைப் பெற்று, அவரவர் வேதாகமத்திலே எழுதியிருப்பாராயின், இரண்டு திகதிகளுக்கும் பதினொரு நாள் வித்தியாசம் இருந்திருக்கும்.

நேயர்களுட் பலருடைய வீடுகளிலும் இத்தகைய ஏடு ஏதேனும் ஒன்று இருத்தல் கூடும். அது வேதாகமமாக இருக்கலாம். சாதக ஓலையாக இருக்கலாம். பாட்டனார் கணக்கெழுதிய கொப்பியின் கடைசித் தாளாகவும் இருக்கலாம். அதனைக் காக்கும் வழி அரிதன்று. ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். கிழிந்த இடத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுதல் ஆகாது. அதன் பசை நாளடைவிலே தாளைக் கறைப்படுத்தும். மங்கிய எழுத்தின் மேல் புதிய மையால் எழுதுதல் பெரும் பிழை. அது பழைய சான்றை அழித்துப் புதிய சான்றை நடுவதாகும். படம் பிடிப்போர், பெயர்கள் உள்ள பக்கத்தோடு முகப்புத் தாளையும் சேர்த்தே பிடித்தல் வேண்டும். புத்தகம் யாருடையது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை வேறொரு தாளில் எழுதி, அதனோடு வைத்தல் வேண்டும். பிழையென்று தோன்றுவதைத் திருத்தாது, பிழையென்று எண்ணுவதற்குரிய காரணத்தை அத்தாளிலே குறித்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுதல் வேண்டும். உபகாரச் சம்பளம் வேண்டிய அந்த அமெரிக்க மூதாட்டிக்குக் கைகொடுத்தது, தன் இளமையிலே, ஒரு பயனையும் எண்ணாது, பிள்ளை பிறந்த அன்று கணவனோ தானோ எழுதிய ஒரு வரிதான். இன்று பிறந்த குழந்தையின் பெயரையும் நாளையும் ஒருவர் தம் வீட்டு ஏட்டில் எழுதி வைப்பாராயின், அவ்வரி யாருக்கு, எந்த நூற்றாண்டிலே, எந்தத் தேவைக்கு உதவுமென்பதை அவர் அறியார். அறியாமலே எழுதுவதுதான் அதன் சிறப்பு.